மூணு மாசம் முந்தி வந்த பிறந்தநாள்

அதிகாரி: இருங்கம்மா, மெதுவா சொல்லுங்க. நான் எழுதணும்ல. உங்க தெருவுல மொத்தம் நாப்பத்திரண்டு வீடு…

தையல்காரம்மா: நாப்பத்தி மூணு. மெக்கானிக் போன மாசம்தான் அதே தெருவுல தனிக்குடித்தனம் போனாரு.

அதிகாரி: சரி. அணைத் தண்ணி தெருவுக்குள்ள வந்தது மூணு மணிக்கு. வெளியேறச் சொல்லி எங்க உத்தரவு…

தையல்காரம்மா: நாலரைக்கு. தண்ணி முந்திக்கிச்சு.

அதிகாரி: …மேல கையெழுத்து ஆகணும்மா. ஒருத்தர் கூட்டத்துல இருந்தாரு, ஒருத்தர் வழியில இருந்தாரு.

தையல்காரம்மா: நான் குத்தமா சொல்லல மேடம். டீ ஆறுது, குடிங்க.

அதிகாரி: ரெண்டு மணிக்கே தெருவுல ஒரு ஆள் இல்ல. அதெப்படின்னு மேலிடத்துல கேக்கறாங்க.

தையல்காரம்மா: என் பாப்பாவுக்குப் பிறந்தநாள். இதே மேட்டுப் பள்ளிக்கூடத்துல வச்சு, எல்லாரையும் கூப்பிட்டேன்.

அதிகாரி: பதிவேட்டுல பாப்பா பிறந்தநாளுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே…

தையல்காரம்மா: ஆசைக்கு முன்னாடியே கொண்டாடக் கூடாதா? அதுக்கும் கையெழுத்து வேணுமா?

அதிகாரி: சிரிக்க வைக்காதீங்க. கூப்பிட்டதும் வந்துட்டாங்களா?

தையல்காரம்மா: எங்க… மெக்கானிக் வேலை இருக்குன்னாரு. 'வராத வீட்டுக்கு இனிமே ஒரு பட்டன்கூட தைக்க மாட்டேன்'னு வீடு வீடா சொல்லிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அத்தை நடக்க முடியாதுன்னாங்க. தள்ளுவண்டியில உக்கார வச்சு ஊர்வலமா கொண்டு வந்தோம். கேக் வெட்டி ஊட்டிக்கிட்டு இருக்கோம், கீழ சத்தம் கேக்குது. மாடியில நின்னு பாத்தா… என் கடை, மிஷின், எல்லாம் முங்கிடுச்சு. அத்தைதான் உக்காந்தபடியே திரும்பி எல்லார் தலையையும் எண்ணினாங்க. நூத்தி எழுபத்தாறு. ஒண்ணு குறையல. அழுதுக்கிட்டே சிரிச்சோம் மேடம்.

அதிகாரி: ம்… அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு உங்களுக்கு ஒரு போன் வந்திருக்கு.

தையல்காரம்மா: ராங் நம்பர்.

அதிகாரி: நாலு நிமிஷமா?

தையல்காரம்மா: நல்ல மனுஷி. பேச்சு வளர்ந்துடுச்சு. 'அணை நிரம்புது, போங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. வீட்டுல ஏதாவது விசேஷம் இருந்தா இன்னைக்கே மேட்டுல வச்சுக்கோங்க'ன்னாங்க… இதை எழுதாதீங்க.

அதிகாரி: பேனாவை மூடிட்டேன். உங்க நம்பர் எப்படி அவங்களுக்கு?

தையல்காரம்மா: ஆத்துக் கரையை உசத்தச் சொல்லி உங்க ஆபீசுக்கு ஏழு மனு போட்டேனே. கரைதான் உசரல, நம்பராவது பத்திரமா இருந்திருக்கு.

அதிகாரி: யாருன்னு தெரிஞ்சா அவங்க வேலை போயிடும்.

தையல்காரம்மா: அதான், யாருன்னே தெரியாதுன்னு எழுதிக்கோங்க.

அதிகாரி: பிறந்தநாள் விழான்னு மட்டும் எழுதியிருக்கேன். வரட்டுமா? நிஜப் பிறந்தநாளுக்கு எனக்கும் கேக் உண்டா?

தையல்காரம்மா: அன்னைக்கு போன்லயே 'நீங்களும் வாங்க'ன்னு கூப்பிட்டேனே மேடம்… நீங்கதான் அழுதுக்கிட்டே வச்சுட்டீங்க.