முறைக்கு நூறு சால்

முனிரத்தினம்: ...அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி. தண்ணி இறைக்கிற இந்தத் தோல் சாலு எப்பத் தைச்சது?

சௌந்தரம்: உங்க அண்ணன் உசுரோட இருந்தப்ப. எதுக்குக் கேக்கற?

முனிரத்தினம்: நூலு புதுசா இருக்கே. ஆம்பூர் இஷ்தியாக் பாய் தோல் ஷாப்புத் தையல் மாதிரி...

சௌந்தரம்: எலி கடிச்சிச்சு. தைக்கக் குடுத்தேன்.

முனிரத்தினம்: சீமைக்குப் போற தோலு வேலையே பாய்க்குத் தலைக்கு மேல. எலி கடிச்சத ஒட்டுப் போட நேரம் இருந்துச்சாக்கும். அந்த எலியும் சுத்திவர ஒரே அளவா கடிச்சிருக்கு.

சௌந்தரம்: நல்ல எலி.

முனிரத்தினம்: வேப்பமரத்துல காயப் போட்டிருந்தீங்க. அளந்து பாத்தேன். எட்டு விரக்கடை... இல்ல, பழைய அளவுக்கு நாலு விரக்கடை கம்மி.

சௌந்தரம்: எட்டா, நாலா?

முனிரத்தினம்: நாலு. நாலுதான். பேச்ச மாத்தாதீங்க. அப்பா போட்ட கட்டு இன்னா? கிணறு பொது. ஒருநாள் நானு, ஒருநாள் நீங்க. முறைக்கு நூறு சாலு. கொறச்சி இறைக்கறவங்களுக்குத் தண்ணி தேவையில்லன்னு அர்த்தம். பங்கு அடுத்தவனுக்கு.

சௌந்தரம்: நூறும் இறைக்கறேனே. நீயே நின்னு எண்ற.

முனிரத்தினம்: எண்ணிக்க சரி. உள்ள தண்ணி?

சௌந்தரம்: கொறஞ்சா உனக்குத்தான மிச்சம்? அதுக்கா விடிஞ்சதும் விடியாததுமா வந்து...

முனிரத்தினம்: அங்கதான் இடிக்குது. யாருங்க சும்மா மிச்சம் விடுவாங்க? நெல்ல விட்டுட்டு கேவுரு வேற நட்டிருக்கீங்க. நெலத்தத் தோல் ஷாப்புக்காரங்களுக்குக் கைமாத்தப் போறீங்களா?

சௌந்தரம்: கேவுருக்குத் தண்ணி கம்மி. அவ்ளோதான்.

முனிரத்தினம்: வருமானமும் கம்மி. வேணும்னே யாராவது நஷ்டப்படுவாங்களா?

சௌந்தரம்: கிணறு வத்திட்டா நெல்லும் இல்ல, கேவுரும் இல்ல. அது நஷ்டமில்லியா? ஒரு நாளைக்கு ஊறுறது இவ்ளோதான்னு இருக்கு தம்பி. அதுக்கு மேல புடுங்கினா கெங்கம்மா எங்கேர்ந்து குடுப்பா?

முனிரத்தினம்: சாமிய இழுக்காதீங்க. மணியக்காரர் கோதண்டராமன்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். பங்கு போய்ட்டா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

சௌந்தரம்: போய்ட்டா நான் எங்க போவேன்?

முனிரத்தினம்: ...மாதனூர்ல உங்க தம்பி இருக்காரு இல்ல.

சௌந்தரம்: அவனே தொர வீட்டுத் தோட்டத்துல கூலிக்கு நிக்கறான். சரி, சொல்லு. போய்ச் சொல்லு.

முனிரத்தினம்: இன்னா... இவ்ளோ சுலபமா சொல்றீங்க?

சௌந்தரம்: ஒண்ணே ஒண்ணு. மணியக்காரர் எதிர்லயே ரெண்டு சாலையும் வெச்சி, குடத்தால ஊத்தி அளக்கச் சொல்லு.

முனிரத்தினம்: என்... என் சாலு எதுக்கு?

சௌந்தரம்: சும்மாதான். பக்கத்துல இன்னொண்ணு இருந்தாத்தான கம்மி ஜாஸ்தி தெரியும்?

முனிரத்தினம்: அது... மணியக்காரருக்கு இதுக்கெல்லாம் எங்க நேரம்?

சௌந்தரம்: இன்னாப்பா, இப்படி வேக்குது உனக்கு. மோர் கொண்டாரட்டா?

முனிரத்தினம்: வேணாம்... அண்ணி, எப்பலேர்ந்து தெரியும்?

சௌந்தரம்: போன தையில உன் மாடு சாலு இழுக்கறப்ப பாரம் தாங்காம சரிவுல முட்டி போட்டுச்சே, அன்னிக்கே. நீ சாலப் பெரிசாக்கினத ஊருக்குச் சொன்னா, கட்ட மீறினவன்னு உன் பங்கு போய்டும், உன் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஏது? நானும் பெரிசாக்கினா கிணறே போய்டும். அதான், நீ கூட்டின அளவு என்னுதுல கொறச்சித் தைங்கன்னு உனக்குத் தைச்ச அதே பாய்கிட்டக் கேட்டு வாங்கினு வந்தேன்.