ஒரு பிடி அரிசி டிக்கெட்

யுத்த காலம். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்கு, பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் மடியில் காலி அண்டா, மற்றவர் கையில் குடை.

"இன்னிக்கு நம்ம ராஜபார்ட்காரரே கஞ்சிக்கு வந்து நின்னுட்டாருண்ணே" என்றார் அண்டாக்காரர்.

"எந்தக் கஞ்சி?" என்றார் குடைக்காரர்.

"காசு கொடுத்து நாடகம் பார்க்க ஆளில்லைங்க. அதனால சபாவுல டிக்கெட்டுக்கு ஆளுக்கு ஒரு பிடி அரிசி வாங்கறோம். பகலாட்டம் முடிஞ்சதும் அதையே கஞ்சி காய்ச்சி இல்லாதவங்களுக்கு ஊத்தறோம்."

"நல்ல காரியம்தானே."

"நடிக்கிறவங்களுக்குக் கூலி கிடையாதுங்களே."

பஸ் காவிரிப் பாலத்தில் திணறி ஏறியது.

"அரிதாரத்தோடயா நின்னாரு?"

"கிரீடம்கூடக் கழட்டலைங்க. இதுவும் நாடகம்தான்னு வரிசையே சிரிச்சுது. வேஷத்தைக் கலைச்சிட்டு உள்ள வாங்க, தனியா தரேன்னேன்."

"வந்தாரா?"

"சிரிக்கட்டும் தம்பின்னாரு. கலைச்சிட்டு நின்னா பசி நெசம்னு தெரிஞ்சு போயிடுமாம்."

குடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.