டப்பாவில் வந்த பாலைவனச் சிலந்தி

வலை பின்னாத சிலந்தியும் உண்டு. இந்த ஸ்டேஷனில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். விரல் நகத்தளவுகூட இருக்காது, குதித்துத்தான் இரை பிடிக்கும். நான் சொல்லும் இனம் ராஜஸ்தான் பாலைவன மணலில் மட்டும் வாழ்வது.

தாமோதரன், விலங்கியல் பேராசிரியர் என்று எழுதுங்கள். உத்திரமேரூரில் பேராசிரியரா என்று சிரிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் வாயை அடைக்கத்தான், போன கார்த்திகையில் இருபது சிலந்திகளை டப்பாவில் கொண்டுவந்து மானாம்பதி தாண்டி ஒரு மணல்மேட்டில் விட்டேன். பாலைவன இனம் தெற்கே வந்துவிட்டது என்று கட்டுரை எழுதினேன். படித்த முட்டாள்கள் அத்தனை பேரும் நம்பினார்கள்.

விட்டதைப் பார்த்தவன் கன்னியப்பன் ஒருவன்தான். கல் புரட்ட நான் கூலிக்கு வைத்திருந்த ஆள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்; அவனுக்கு மனசாட்சி வேறு. கட்டுரையைச் சரிபார்க்கப் புனேயிலிருந்து நிபுணர் வருவதற்கு முதல் நாள் காலையில் கேட்டான்.

"நாளைக்கி வர்ற சாரு கேட்டா, நீங்க டப்பாவுல கொணாந்து வுட்டீங்கன்னு சொல்லட்டா சார்? எனக்குப் பொய் சொல்ல வராது."

பார்க்கலாம் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து, அந்த மணல்மேட்டை ஒட்டிய இடிந்த மோட்டார் கொட்டகையில் செங்கலைப் புரட்டியவன் கையை உதறினான்.

"இன்னாவோ கடிச்சிச்சி சார். எறும்பு மாரி கீது."

கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள். கட்டுவிரியன். இடுக்கில் நுழைந்ததை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. பக்கத்துச் செங்கலில் என் சிலந்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை விரலால் காட்டினேன்.

"இத்துனூண்டு பூச்சியா!" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

மதியம் சோறு கொண்டுவந்த அவன் மனைவி பாஞ்சாலி, வேலமரத்தடியில் இமை தூக்க முடியாமல் கிடந்தவனைப் பார்த்துப் பதறினாள்.

"கண்ணே தொறக்க மாட்டேங்கிறாரு சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாமா?"

பைக்கில் பதினைந்து நிமிஷம். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நான் ஆறுதல் சொன்னேன். அவளும் நம்பி உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு அவன் மூச்சு நின்றது. மறுநாள் நிபுணர் நான்கு சிலந்திகளைப் பார்த்து என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பிரேதத்தில் இருந்தது பாம்பு விஷம் என்று கண்டுபிடித்து என்னிடம் வர உங்களுக்குப் பத்து நாள் ஆகியிருக்கிறது.

கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தச் சிலந்தி கடித்தால் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் பாஞ்சாலியிடம் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.