கிளமான் அறைச் சுவரில் தேனீ

மதியச் சாப்பாடு ஆனதும் ஜன்னல் பலகைகளை எல்லாம் சாத்திவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். வெயில் உள்ளே வராது, தூக்கமும் நன்றாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் வீடே அடங்கிப்போய், சுவருக்குள் தேனீக்கள் இரைவது மட்டும் கேட்கும். அது ஒரு சுகம், நிர்மலா மேடம். நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்கு மதியத் தூக்கம் எங்கே வாய்க்கப்போகிறது.

பாவாடை என்கிறவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அரியாங்குப்பத்திலிருந்து வந்து, இங்கே பழைய வீடுகளில் தேன்கூடு எடுத்துக்கொடுக்கிற மனுஷன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் விர்ஜினி. இறந்துபோனது என் அண்ணன் கிளமான்.

எங்கள் வரவேற்பறைக்கும் அண்ணன் படுக்கும் அறைக்கும் நடுவில் முன்பு ஒரு கதவு இருந்தது. அப்பா அதை இரண்டு பக்கமும் பலகை அடித்து மூடிவிட்டார். அந்த இடுக்கில்தான் தேனீக்கள் குடிவந்தன. காலையில் நான் காபி குடிக்கும்போது ஒன்றிரண்டு வந்து என் புறங்கையில் உட்காரும். நான் விரட்டமாட்டேன். கோடையில் தட்டில் சர்க்கரைத் தண்ணீர்கூட வைப்பேன். ஒருநாளும் கொட்டியதில்லை.

அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். துப்பாக்கிக்குப் பயப்படாத மனுஷன் தேனீயைக் கண்டால் நடுங்குவார். சிறு வயதில் ஒன்று கொட்டி, மூச்சு அடைத்து, செத்துப் பிழைத்தவர். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. பிரான்சிலிருந்து திரும்பி வந்தவர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சுவரில் இரைச்சலைக் கேட்டு ஓடிப்போனார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

"தேனீய எடுத்துட்டா உடனே வித்துடலாம், விர்ஜினி. சாரம் ஏரியால உனக்கு ஒரு முதியோர் ஹோம் பாத்து வச்சிருக்கேன். வேளா வேளைக்கு சாப்பாடு வந்துடும். உனக்கு என்னா குறை?" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அந்த ஹோமுக்கு என்னை அழைத்துப் போய்க் காட்டவும் செய்தார். ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். படுத்திருந்த ஒரு கிழவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீயும் வந்துட்டியா?" என்று கேட்டாள். கையை விடுவிக்க முடியவில்லை, ஆயாம்மா வந்து பிரித்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பல் துலக்கும்போதும் பயம், பூசைக்குக் கோயிலுக்குப் போனாலும் பயம்.

பாவாடை முதலில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். அண்ணன் அறைப் பக்கம் பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. அதைத் துணி வைத்து அடைத்தார்.

"பொகை போட்டா அதுங்க வெளிச்சம் பாத்துதான் ஓடும், மதாம். வரவேற்பறை ஜன்னல் ஒண்ணுதான் தொறந்திருக்கணும். உங்க அண்ணன் முசியே ரூம்ல பொட்டு வெளிச்சம் இருக்கக்கூடாது. இந்தத் துணிய எடுத்துடாதீங்க. முசியேவ அன்னிக்கு வீட்லயே இருக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

"சரிப்பா" என்றேன்.

புதன்கிழமை வரச் சொன்னேன். அண்ணனிடம் வியாழக்கிழமை என்று சொல்லிவைத்தேன். புதன்கிழமை மதியம் அவருக்குப் பிடித்த மீன் குழம்பு, கூடவே ஒரு கோப்பை ஒயின். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். தலைமாட்டில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பார், தேனீ கொட்டினால் தொடையில் குத்திக்கொள்வதற்கு. அறையில் புழுக்கம், மருந்து கெட்டுவிடும் என்று சமையலறை அலமாரியில் எடுத்து வைத்தேன். அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் ஓட்டையிலிருந்து துணியை உருவினேன். கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடியிருப்பார். அதன் கயிற்றை இழுத்து விலக்கினேன். வெளியே வந்து கதவைத் தாழிட்டேன். எல்லாத் தேனீயும் அந்தப் பக்கம் போக வேண்டாம், ஒன்றிரண்டு போனாலே போதும் என்று எனக்குத் தெரியும்.

பாவாடை வந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "முசியே வெளிய போயிட்டாரா?"

"சிநேகிதரைப் பாக்கப் போயிருக்காரு" என்றேன்.

அவர் முகத்தில் வலையைக் கட்டிக்கொண்டு புகை போட்டார். வரவேற்பறைப் பக்கத்துப் பலகையைப் பெயர்த்தார். இரைச்சல் வீட்டை நிறைத்துவிட்டது. நான் நடையில், அண்ணன் அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். முதலில் ஏதோ கீழே விழுந்த சத்தம். அப்புறம் கதவைத் தட்டினார்.

"விர்ஜினி, தொற. விர்ஜினி, ஊசி எங்க?"

குரல் கம்மிப்போயிருந்தது. என் கை தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"யாரு மதாம் தட்றது?" என்று வரவேற்பறையிலிருந்து பாவாடை கத்தினார்.

"காத்துல பலகை அடிக்குதுப்பா, நீ வேலையப் பாரு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. அவர் நகங்கள் கதவின் அடிப்பக்கம்வரை இறங்கி வந்த சத்தம் கேட்டது. அவருடைய நல்லதுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க ஒன்றுக்குப் பயந்துகொண்டே கிடப்பது எப்பேர்ப்பட்ட நரகம்.

பாவாடை தேனடைகளையும் மிச்சமிருந்த தேனீக்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது மதியத்தில் சுவருக்குள் சத்தமே இல்லை. படுத்தால் அந்தக் கதவைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் நின்றுவிடுகிறது. பாவாடையை விட்டுவிடுங்கள் மேடம், அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டதும் நான் வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

என்ன கேட்டீர்கள்? அவ்வளவு தட்டியும் ஏன் திறக்கவில்லை என்றா? நன்றாகக் கேட்டீர்கள் போங்கள். திறந்தால் அத்தனையும் என்மேல் அல்லவா வந்து மொய்க்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தேனீ என்றால் பயம். ஒன்று கொட்டி, மூச்சு அடைத்து, செத்துப் பிழைத்தவள் நான்.