புயல் கூடையில் வறட்சி இலை

ஹலோ... ஹலோ, டாக்டரம்மா... ஆமா, மிக்டாலியாதான்... கேக்குது, கேக்குது. மலை மேல நிக்கிறேன், சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்... என்ன அங்க, கை தட்டுற சத்தமா?... எனக்கா? ஐயையோ, எனக்கு எதுக்கு?

புயலில் மொட்டையாகிப்போன காட்டில், ஆராய்ச்சிக் கொட்டகை வாசலில் நின்ற மிக்டாலியாவுக்குக் காது சுட்டது. ஓடைக்கு மேல் கூடை கட்டி, ஓடை இறாலுக்கு இரையாக விழும் இலையைப் பிடித்து, உலர்த்தி டாக்டர் இரிசாரிக்கு அனுப்புவது அவள் வேலை. இந்தப் புயலின் இலைக்காக அந்த அம்மா எத்தனையோ வருடம் காத்திருந்தார்.

ஊர்க் கூட்டமா?... ஆமா, ஆமா... இறால் பிடிக்கிறவங்க எல்லாருமா? செலிதோ அண்ணனுமா?... ம்... என்னது, தடையா? இந்த வருஷம் இறாலே பிடிக்கக் கூடாதா?... ஓடையில இரை இல்லைன்னு யார் சொன்னா?... என் இலையா?

டாக்டரம்மா, ஒரு நிமிஷம்... வேண்டாம், தடைக்குக் கை தூக்கச் சொல்லாதீங்க! ஸ்பீக்கரை அணைங்க, தனியாப் பேசணும்... கூச்சமா? கூச்சம் இல்லம்மா இது...

நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் மானம் போகும். மூடினால் கீழே அத்தனை வீட்டிலும் உலை கொதிக்காது. பாழாய்ப்போன சிக்னலும் விட்டுப் போகாமல் நின்றது.

சரி, எல்லாரும் கேக்கட்டும். அது புயல் இலையே இல்ல... கேளுங்கம்மா. போன வறட்சியில மரம் தானா உதிர்த்த இலை. மூட்டையில மிச்சம் கிடந்ததைப் புயல் இலைன்னு அனுப்பிட்டேன்... ஆமா. தெரிஞ்சேதான். பழுத்து விழுற இலையில மரமே சத்தை உறிஞ்சிக்கும்னு நீங்க சொன்னதுதானே... புயல் பிச்சுப் போட்டது பச்சை இலைம்மா, சத்தோட... அழுகிப்போச்சு. வறட்சி இலை பையில எத்தனை நாள் கிடந்தாலும் கெடாது. அதே நெனப்புல இதையும் விட்டேன். உள்ளுக்குள்ளேயே சூடாகி, கறுத்து, ஒரே நாத்தம்...

உலர்த்தவா? கரண்டு ஏது?... கொட்டகை ஜெனரேட்டரா?... அது என் வீட்டுல இருந்துச்சு.

இல்லம்மா, யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்ல காரணம் எதுவுமே இல்ல. பீரைக் குளிர வைக்க. ஃபேனைப் போட்டுட்டு டோமினோ கட்டை வச்சு ஆட. தெருவே இருட்டு, என் வீட்டுல மட்டும் லைட்டு. எல்லாரும் வந்து உக்காந்தாங்க, எனக்குப் பெருமை தாங்கல... ச்சீ, வெக்கமா இருக்கு.

அழுகினதா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடையிலேயே கொட்டிட்டேன்... இரை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு என் இலை சொன்னது பொய். அதை வச்சுத் தடை போடாதீங்க...

யாரு, செலிதோ அண்ணனா?... ஆமாண்ணே, அன்னைக்கு என் வீட்டுக்கு ஆட வந்தப்பவே ஜெனரேட்டர் யாருதுன்னு கேட்டீங்க. என்னோடதுன்னேன்... என்னண்ணே... நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? ஒரு பீர்தானே குடிச்சீங்க... வேணாம்ணே. உங்க பொழைப்பைக் கெடுக்கப் பாத்தவ நான். திட்டுங்கண்ணே... ஐயோ, திட்டுங்கண்ணே...

சிக்னல் கடைசிவரை போகவே இல்லை. அவளேதான் போனை அணைத்தாள்.