தொட்டிமீன் குழுவின் நெறியாளர் அக்காவுக்கு இரண்டாம் முறை எழுதிய மடல்

அறியாமல் கேட்டவருக்கும் ஆத்திரத்தில் கேட்டவருக்கும் ஒரே நிதானத்தோடு பதில் தந்த அக்கா அவர்களே! கண்ணாடித் தொட்டிக்குள் மீன் வளர்ப்பதைவிடக் கைபேசிக்குள் மனிதரைக் கட்டி மேய்ப்பது கடினம் என்று கண்டும் கைவிடாத காவலே! மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தபடியே எங்கள் மல்லுக்கட்டையும் தீர்த்துவைத்த மாண்பே! தொட்டிமீன் வளர்ப்போர் இணையக் குழுவின் வணக்கம்.

தண்ணீர் மாற்றுவதில் தொடங்கும் எங்கள் பேச்சு, நோயில் துடிக்கும் மீனை நாமே கொல்லலாமா என்பதில் முறுகும். பெரிய மீனுக்குச் சிறுமீனை உயிரோடு இரையாகப் போடலாமா என்பதில் வெடிக்கும். அத்தனை சண்டையிலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று எவருக்கும் தெரியாது. நீங்கள் எதிர்த்தரப்பின் ஆள் என்று இரு தரப்பும் சத்தியம் செய்யும். இதைவிடப் பெரிய நற்சான்று எங்களிடம் இல்லை.

நீங்கள் விடைபெறும் விழாவுக்கு இம்மடலை எழுதப் பணிக்கப்பட்டவர், நாளை முதல் உங்கள் இடத்தில் அமரவேண்டிய தையற்காரர். தாம் எழுதியதை நேற்றுக் காலை குழுவின் ஒப்புதலுக்கு வைத்தார். அதில் பிளம்பரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. உயிர்மீனை இரையாகப் போடும் காணொளியை இட்டு, கண்டித்த ஆசிரியையை வாய்க்கு வந்தபடி திட்டி, உங்களால் ஒரு மாதம் வெளியே நிறுத்தப்பட்டு, பிறகு திரும்பாமலே போனவர் அவர். அவரை ‘நன்றி கெட்டவர்’ என்று தையற்காரர் எழுதிவிட்டார். எழுதும்போது இனிக்கத்தான் செய்தது.

சற்று நேரத்தில் மடலைக் காணோம். பாராட்டப்படும் நீங்களே அதை மறைத்திருந்தீர்கள். கீழே உங்கள் வழக்கமான குறிப்பு: “இதுல பேசப்படுறவர் இங்க இல்லை. அவர் பதில் சொன்னதும் திறக்கிறேன்.”

தையற்காரர் பதறிப்போய் உங்களை அழைத்தார். “அக்கா, அந்த வரியை எடுத்துடறேன்.”

“படிச்சவங்க படிச்சுட்டாங்களே தம்பி. அவரைக் கூப்பிடுங்க.”

பிளம்பர் தொலைபேசியை எடுக்கவில்லை. தையற்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு சட்டைக்குக் கையளவை மாற்றி வெட்டினார். மடலுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் கண்ணாடியை அறுத்து வைத்துவிட்டு, “எழுத்து எப்ப வரும்?” என்று குடைந்தார். மடல் இல்லாமல் விழா நடந்தாலும் நடக்கும். பதவி ஏற்குமுன்பே சண்டை மூட்டியவர் என்ற பெயரோடு குழுவை எப்படி நடத்துவது என்பதுதான் அவர் கவலை.

கடைசியில் ஒரு வீட்டுக் குளியலறையில், கைகழுவும் தொட்டிக்கு அடியில் கிடந்தபடி பிளம்பர் அகப்பட்டார். தையற்காரர் மென்று விழுங்கி மன்னிப்புக் கேட்டார். ஸ்பானரைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்:

“நான் திட்டினது தப்புதான். ஆனா அந்த டீச்சர்தான் முதல்ல என்னைக் கொலைகாரன்னாங்க. அவங்களுக்கு வெறும் எச்சரிக்கை, எனக்கு ஒரு மாசமா? அக்கா செஞ்சது நியாயமில்லை. இதை அப்படியே போட்டா கையெழுத்துப் போடறேன்.”

“பாராட்டு மடல்லயா?”

“மாட்டி வைப்பீங்கல்ல, அதுலயேதான்.”

போட்டோம். ‘பதில் வந்தாச்சு’ என்று மட்டும் எழுதி, உங்களைக் குறை சொல்லும் வரியில் ஓரெழுத்தும் தொடாமல் திறந்துவிட்டீர்கள். அதைப் பார்த்துத் தையற்காரர் கடையில் தனியே அழுதார். நாங்கள் சொல்லத் தெரியாமல் தவித்த உங்கள் பெருமையை நீங்களே செய்து காட்டியபின் எங்கள் அடுக்குமொழி எதற்கு என்று பிறகு எங்களிடம் கேட்டார்.

ஆறுதலுக்கு நேரமில்லை. இன்று காலை பிளம்பரின் வரியைப் படித்துவிட்டு ஆசிரியை கேட்டார்: “அப்ப என் பதிலை எங்க போடுவீங்க?” தையற்காரர் உங்களை அழைக்க எண்ணைத் தட்டினார், பாதியில் நிறுத்தினார். பிறகு கடைக்காரரிடம் போய், சட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. நீங்களேனும் இனி நிம்மதியாக உண்டு, உறங்கி, உங்கள் மீன்களை மட்டும் பார்த்து, நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
துணை நெறியாளர்கள், உறுப்பினர்கள்,
அக்கா செய்தது நியாயமில்லை என்னும் பிளம்பர்,
அக்கா செய்தது நியாயமே என்னும் ஆசிரியை,
இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே இருக்கும் தையற்காரர்.