பன்னிரண்டு மாதத்தில் மூன்று

எட்டு நொடி என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குறைந்த நேரமில்லை. நிதானமாக மூன்று சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடலாம். எல்.இ.டி. விளம்பரப் பலகையில் ஒரு படம் குறைந்தது அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது எங்கள் நகராட்சியின் விதி. படபடவென்று மாறினால் வண்டி ஓட்டுகிறவரின் கண் அங்கே போய்விடும். சிக்னலுக்கு அருகில் இருக்கும் பலகையில் முழுச் சிவப்போ முழுப் பச்சையோ வரக் கூடாது. நல்ல விதிகள்தான். நான் விளம்பரப் பிரிவில் ஆய்வாளர். வெளிச்சம் அளக்கும் கருவியும் ஸ்டாப் வாட்சும் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய் அளப்பது என் வேலை. நான்கு வருடமாகச் செய்கிறேன். யாரிடமும் ஒரு பேனாகூட வாங்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி இறந்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை பதினொன்றரைக்கு, நீதிமன்ற முனையில். அவள் ஸ்கூட்டர், எதிரே தண்ணீர் லாரி. கல்யாணமாகி இரண்டு வருடம் ஒரு மாதம். அந்த முனையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. அதன் மாடியில் பன்னிரண்டடிக்கு எட்டடி பலகை. அதற்கு அனுமதி தரலாம் என்று பரிந்துரை எழுதியவன் நான்தான்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் காரியமாக அந்தப் பலகையை எடுக்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதினேன். எங்கள் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். கதவைச் சாத்தி, என்னை உட்கார வைத்துத்தான் பேசினார்.

"தம்பி, உன் மனசு எனக்குப் புரியாம இல்ல. ஆனா அந்தப் பலகைல ஒரு குறை சொல்லு பாப்போம். எட்டு செகண்ட் நிக்குது. வெளிச்சம் சரியா இருக்கு. நீதான அளந்த?"

"ஆமா சார்."

"அம்பது மீட்டருக்குள்ள, பன்னெண்டு மாசத்துல மூணு விபத்து நடந்தா ரத்து பண்ணலாம். ஒண்ண வெச்சுக்கிட்டு கமிட்டில நான் என்னத்தப் பேச? உக்காந்த எடத்துலயே என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க." பேச்சை லேசாக்க நினைத்திருப்பார். "இன்னும் ரெண்டு வரட்டும், நானே ஏணி போட்டு ஏறிக் கழட்டுறேன்."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விதியைத்தானே சொன்னார்.

ஆணையருக்கு எழுதினேன். கவுன்சிலரைப் பார்த்தேன். மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். எண் போட்டு, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிவைத்தார்கள். சம்பந்தப்பட்ட பிரிவு என்றால் நான்தான். ஆறு நாள் கழித்து, தக்க நடவடிக்கைக்காக என் மனு என் மேசைக்கே வந்தது.

இப்படியே அக்டோபர் ஆகிவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வரும் பிப்ரவரி ஒன்பது தாண்டினால் அவள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவாள். அதற்குப் பிறகு, அந்த முனையில் விபத்தே நடந்ததில்லை என்று ஆகும். மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். அவள் துணிமணியை அவளுடைய அக்கா வந்து எடுத்தபோது, மூட்டை கட்டக் கயிறு தேடிக் கொடுத்தவன் நான். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பலகை வைத்திருக்கும் எல்லோரும் அதன் பாஸ்வேர்டை ஓர் உறையில் போட்டு ஒட்டி எங்களிடம் தர வேண்டும். அவசரம் என்றால் நாங்கள் அணைப்பதற்காக. என் அலமாரியில் நூற்றுப் பதினேழு உறைகள். எவரும் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. கண்ணாடிக் கடையின் உறையைப் பிரித்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேசைக்காரர் கை கழுவப் போயிருந்தார். என் கணினியிலேயே வேலை முடிந்துவிட்டது.

எட்டு நொடியை ஒன்றரை ஆக்கினேன். காலை எட்டிலிருந்து பத்து வரை மட்டும். கடைக்காரர் பத்தரைக்குத்தான் வருவார். பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாம் நினைப்பதைவிட மக்கள் கவனமாகத்தான் ஓட்டுகிறார்கள். வெளிச்சத்தை நான்கு மடங்காக்கினேன். நவம்பரில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நடுத்திட்டில் மோதினார். மணிக்கட்டு முறிந்தது. பதிவேட்டில் இரண்டு என்று எழுதினேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வேலை நகர்வதுபோல் இருந்தது.

டிசம்பரில் ஒன்றுமில்லை. நாள் குறைந்துகொண்டே வந்தது. ஜனவரியில் பச்சையைப் போட்டேன். பலகை முழுக்கப் பச்சை, எழுத்தே இல்லாமல், சிக்னலில் சிவப்பு விழுந்திருக்கும் நேரமாகப் பார்த்து. ஸ்டாப் வாட்ச் இருந்ததே. பத்தொன்பதாம் தேதி, தையல் கடை வைத்திருந்த ஒரு பெண் மொபெட்டைக் கிளப்பினார். பேருந்து. அங்கேயே முடிந்துவிட்டது.

கமிட்டி ஒரே கூட்டத்தில் ரத்து செய்தது. கண்காணிப்பாளர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஏணியைப் பற்றிப் பேசவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஓடிவந்தார். "சார், நீங்களே வந்து அளந்தீங்களே சார். நான் அதுல கை வெச்சதே இல்ல. எனக்கு ஆன் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும், அவ்வளவுதான். கண்ணு கெட்டாத்தானே உனக்கு யாவாரம்னு தெருவுல கேக்கறாங்க சார்." எழுதிக் கொடுங்கள், பார்க்கிறேன் என்றேன். அவரை நீங்கள் பிடித்து வைத்திருந்த ஒன்பது நாளும் நான் வேலைக்குப் போனேன். எந்தக் கணினியிலிருந்து மாற்றினார்கள் என்பது பலகையின் பதிவில் இருக்கும். தேட உங்களுக்கு இவ்வளவு நாள் ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தத் தையல்காரப் பெண்ணின் கணவர் உதவித்தொகைப் படிவத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தவறான கவுண்டர். இருந்தாலும் நானே நிரப்ப உதவினேன்.

"சார், உறவுமுறைன்னு போட்டிருக்கே. என்ன எழுதணும்?"

"கணவர்னு எழுதுங்க."

"இன்னமும் அப்படி எழுதலாமா சார்?"

"எழுதலாம். நானும் அப்படித்தான் எழுதினேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

கடைசியாக நீங்கள் கேட்டது. உங்கள் வரைபடம் சரிதான். என் மனைவி தெற்கிலிருந்து வந்தாள். அங்கிருந்து பார்த்தால் பலகையின் முதுகுதான் தெரியும். பதினொன்று இருபத்தெட்டுக்கு அவள் கைப்பேசிக்குப் போன அழைப்பு என்னுடையது என்பதும் சரி. கரண்ட் பில் அட்டை எங்கே என்று கேட்டேன். பீரோவுக்கு மேல என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அதை நான் எந்த அறிக்கையிலும் சேர்க்கவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. விளம்பரப் பலகை விதிகளில் கைப்பேசியைப் பற்றி எதுவும் இல்லை.